64,000 ரூபாய் ரிசீவர், பெங்களூரு ஃப்ளாட், 14 மாதம்: வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கணபதிக்காரன் | பானஸ்வாடி

எல்லோருக்கும் வணக்கம். 7.2 சேனல் ஏ.வி. ரிசீவர் ஒன்று வாங்கி 14 மாதம் ஆகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ் ஒலியை வாங்கி ஏழு ஸ்பீக்கருக்கும் இரண்டு சப்வூஃபருக்கும் (ஆழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) பிரித்து அனுப்பும் பெட்டி அது. விலை 64,000 ரூபாய். சேனலுக்கு 95 வாட், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும் ஒலி), 8கே படம், இஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயரில் ரிசீவருக்குக் கொண்டு வருவது) என்று இந்த விலையில் இருக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றில் எது பெட்டியால் வந்தது, எது என் ஹாலால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முதல் மூன்று மாதம் ஏமாற்றம்தான். கடையில் டெமோ கேட்டபோது நெஞ்சில் அறைந்த பேஸ் (ஆழ்ந்த ஒலி), வீட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. வசனம் கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் மனைவி ரிமோட்டைப் பிடுங்குவார். 95 வாட் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதே நிறுவனத்தின் அடுத்த மாடலுக்கு மாற 35,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராகிவிட்டேன். அதில் 110 வாட்.

நல்லவேளை, அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். நீளம் 14 அடி. சோபா டிவி சுவரிலிருந்து 7 அடி. அதாவது அறையின் நட்டநடுவில். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 14 அடி என்பது 4.27 மீட்டர். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸில் அறை எதிரொலித்து நிற்கும். அப்படி நிற்கும்போது இரண்டு சுவர் ஓரங்களிலும் பேஸ் குவியும், நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நான் உட்கார்ந்திருந்தது அந்த அழியும் இடத்தில். அங்கே எத்தனை வாட் கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

சோபாவை இரண்டு அடி பின்னால் தள்ளினேன். ரிசீவரின் மைக்கை வைத்து, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் அளவீட்டை மறுபடியும் ஓட்டினேன். அன்று இரவு பார்த்த படத்தில் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. 35,000 ரூபாய் மிச்சம்.

பெட்டியின் உண்மையான குறைகள் என்று நான் நினைப்பவை: ரிமோட்டில் விளக்கு இல்லை, இருட்டில் தடவ வேண்டும். மெனு பழங்காலத்து மெனு. டிவி ஆப்பிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு மாறும்போது படம் வர நான்கைந்து நொடி ஆகிறது. டிவி யூனிட்டுக்குள் வைத்தால் மேல் மூடி தொட முடியாத அளவு சுடுகிறது. நான் யூனிட்டின் பின் பலகையை அறுத்தே எடுத்துவிட்டேன், மேலே ஆறு அங்குலம் இடமும் விட்டேன். இப்போது பரவாயில்லை.

இந்த விலையில் ரிசீவர் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

ஐடிஐ_ஓய்வு | ராமமூர்த்தி நகர்

தம்பி, நீங்கள் அடுத்த மாடலுக்குப் போகாதது நல்லது. வாட் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கே பலர் இதில்தான் பணத்தை விடுகிறார்கள்.

95 வாட்டுக்கும் 110 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.6 டெசிபல்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் காதுக்குப் பிடிபடாது. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல். சத்தம் இரு மடங்கு ஆனதாக நமக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

இன்னொரு கணக்கு. சாதாரண ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 80 கிடைக்கும், அறை கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்து. வீட்டில் நாம் படம் பார்ப்பது சராசரியாக 70 டெசிபலில். அதற்கு வேண்டியது பத்தில் ஒரு வாட். திடீரென்று வெடி வெடித்து 90க்கு எகிறினால் 10 வாட். மீதி 85 வாட் உங்கள் வீட்டில் பெரும்பாலும் தூங்குகிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 95 வாட் என்பது இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. ஏழும் சேர்ந்து முழுத் தெம்பில் ஓடினால் அது கிடைக்காது, டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு தாங்காது. ஆனால் எந்தப் படத்திலும் ஏழு சேனலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவதில்லை. எல்லா ஸ்பீக்கரையும் மெனுவில் ‘ஸ்மால்’ என்று வைத்து, கிராஸ் ஓவரை (ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். கரண்ட் தின்பது அதற்குக் கீழே உள்ள ஒலிதான். அதைச் சப் (சப்வூஃபர்) சுமக்கட்டும், அதற்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இருக்கிறது. ரிசீவர் தானாக அளந்துவிட்டு முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டால் அதை மதிக்க வேண்டாம், கையால் மாற்றுங்கள்.

தென்காசிப்பெண் | பொம்மனஹள்ளி

எங்கள் வீட்டில் வாங்கி இரண்டரை வருடம். கணவர் கேமுக்காக வாங்கினார், இப்போது அதிகம் பயன்படுத்துவது என் அப்பா. வயது 74. ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு. ஊரிலிருந்து எங்களோடு வந்து இருக்கிறார். பகல் முழுக்க பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்பார். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டபோது வசனம் புரிந்ததாம். “இவ்வளவு செலவு பண்ணி வாங்கின இதுல எதுவும் விளங்கல” என்கிறார். எனக்கும் புதுப்படங்களில் அப்படித்தான் இருக்கிறது. வால்யூம் 55 வைத்தாலும் பேச்சு முணுமுணுப்பாகவே வருகிறது. இதற்கு வழி உண்டா? ஹியரிங் எய்ட் போடச் சொன்னால் கோபம் வருகிறது அவருக்கு.

கணபதிக்காரன் | பானஸ்வாடி

சென்டர் ஸ்பீக்கர், அதாவது வசனம் வரும் நடு ஸ்பீக்கர், எங்கே வைத்திருக்கிறீர்கள்? டிவி யூனிட்டின் தட்டுக்குள் உள்ளே தள்ளியா?

தென்காசிப்பெண் | பொம்மனஹள்ளி

ஆமாம், நடுத்தட்டில். முன்னால் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. சின்னவன் இழுத்துப் போடாமல் இருக்கக் கொஞ்சம் உள்ளே வைத்தோம்.

ஐடிஐ_ஓய்வு | ராமமூர்த்தி நகர்

அம்மா, அதுதான் காரணம். தட்டுக்குள் உள்ளே போனால் ஸ்பீக்கர் குகைக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். தட்டின் விளிம்பு வரை, அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தவறில்லை, முன்னால் கொண்டு வாருங்கள். முழங்கால் உயரத்தில் இருக்கிறது என்றால், அடியில் இரண்டு ரப்பர் துண்டு கொடுத்து அப்பாவின் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பிறகு மெனுவில் ஸ்பீக்கர் லெவலுக்குப் போய் சென்டரை மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். மொத்த வால்யூமைக் கூட்ட வேண்டாம்.

பழைய படங்கள் மோனோவில் பதிவானவை. இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி. ரிசீவரில் ‘ஸ்டீரியோ’ வைத்தால் அது இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்து உங்கள் ஹாலில் தெறித்துக் கலங்கும். ‘டால்பி சர்ரவுண்ட்’ வையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஒலியை அது எடுத்துச் சென்டருக்கு அனுப்பிவிடும். மொத்தப் படமும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து, நேராக அவர் முகத்துக்கு வரும். நடிகர் திலகத்தின் வசனத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

புதுப்படங்களுக்கு ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கும். மெல்லியதைத் தூக்கி, பெரியதை அமுக்கும். தியேட்டர் சுகம் குறையும், ஆனால் பேச்சு தெரியும்.

மூன்றாம்மாடி | முருகேஷ்பாளையா

புதிதாக வாங்கும் யோசனையில் இருக்கிறேன். மொத்தம் 1.3 லட்சம். வாடகை வீடு, ஹால் 12க்கு 10, சோபா பின் சுவரோடு ஒட்டித்தான் இருக்க முடியும். ஓனர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். ஆபீஸில் எல்லோரும் சவுண்ட்பார் போதும் என்கிறார்கள். ரிசீவர் வாங்கினால் 7.1 (சுற்றி ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்) போடுவதா, 5.1.2 (சுற்றி ஐந்து, ஒரு சப், மேலே அட்மாஸுக்கு இரண்டு) போடுவதா?

கணபதிக்காரன் | பானஸ்வாடி

இரண்டும் வேண்டாம், 5.1 போதும். பின் சுவரில் ஒட்டி உட்கார்ந்தால், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை. 7.1 உங்களுக்கு அர்த்தமில்லாத செலவு. அட்மாஸுக்கு மேலே பார்த்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. கூரை தட்டையாக இருந்து, ஒலி பட்டுத் திரும்பி வந்தால்தான் அவை வேலை செய்யும். விட்டம் குறுக்கே ஓடும் பழைய கட்டிடங்களில் எனக்குத் திருப்தி இல்லை. சொந்த வீடு வாங்கி ஃபால்ஸ் சீலிங் போடும் நாளில் அந்த இரண்டு சேனலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதுவரை ரிசீவர் பொறுத்துக்கொள்ளும்.

சவுண்ட்பார் பற்றி. இரண்டு வருடம் நல்ல சவுண்ட்பார் ஒன்று வைத்திருந்தேன், அதை விற்றுத்தான் இதற்கு வந்தேன். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு அது வசதி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் சவுண்ட்பாரில் ஒரு பாகம் கெட்டால் மொத்தமும் போச்சு. இங்கே ஸ்பீக்கர்கள் 20 வருடம் இருக்கும், மாற்ற வேண்டியது நடுவில் இருக்கும் பெட்டி மட்டும். இன்னொன்று, பேச்சுக்கென்று கையளவு நல்ல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் கூம்புகள்) உள்ள தனிச் சென்டர் ஸ்பீக்கரை ஒருமுறை கேட்டுவிட்டால் திரும்பிப் போக மனம் வராது.

பணத்தைப் பிரிக்கும்போது ரிசீவருக்கு 50,000க்கு மேல் போகாதீர்கள். சென்டருக்கும் சப்வூஃபருக்கும் தாராளமாகக் கொடுங்கள். கடையில் ரிசீவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், சென்டரை “செட்டோடு வருது சார்” என்று முடித்துவிடுவார்கள்.

குடந்தையான் | ஜெயநகர்

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இந்த ரிசீவர்களில் மைக் வைத்து அறையை அளக்கும் வேலை இருக்கிறதே (டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஓங்கியோவின் சில மாடல்களில் டிராக் லைவ்), அதைப் போட்டபின் பாட்டு கேட்கவே பிடிக்கவில்லை. என் காதுக்கு மிருதங்கமும் தவிலும்தான் அளவுகோல். அளவீட்டுக்குப் பிறகு மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கம்) நாதம் மங்கிப் போனது. குரலில் இருந்த காற்றும் போய்விட்டது. ‘டைரக்ட்’ மோடில் வைத்துத்தான் கேட்கிறேன். பாட்டு கேட்பவர்கள் ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் வாங்குவதே மேல் என்பது என் அனுபவம்.

கணபதிக்காரன் | பானஸ்வாடி

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை இல்லை. சிறிய அறையில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் ராஜா. அங்கே திருத்தம் செய்யாமல் விட்டால் மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) ஒரு சுருதியில் ஊதும், அடுத்த சுருதியில் காணாமல் போகும். அதற்கு மேலே ஸ்பீக்கர் செய்தவரின் வேலையில் கைவைப்பதுதான் நீங்கள் சொல்லும் மங்கலுக்குக் காரணம். ஆடிஸியில் அதற்கென்று விலைக்குக் கிடைக்கும் மொபைல் ஆப் இருக்கிறது. திருத்தம் எந்த ஹெர்ட்ஸ் வரை என்பதை அதில் இழுத்து நிறுத்தலாம். நான் 400ல் நிறுத்தியிருக்கிறேன். 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது வேண்டுமென்றே ஒரு பள்ளம் தோண்டும், அதையும் அந்த ஆப்பில் அணைத்துவிடலாம். குரல் பின்வாங்குவதாக உங்களுக்குத் தோன்றியது பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான்.

ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் காதின் தீர்ப்பு எனக்கு முக்கியம்.

பாட்டை ஸ்டீரியோவில் கேட்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இளையராஜா வயலின்களை ஒரு பக்கமும் கிடாரை இன்னொரு பக்கமும் அமர்த்தியிருப்பதை, சர்ரவுண்ட் மோடைப் போட்டுக் கலைப்பது பாவம்.

ஒயிட்ஃபீல்ட்வாசி | ஒயிட்ஃபீல்ட்

அமெரிக்காவில் இருந்து கொண்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காக என் கதை. இரண்டு வருட ஆன்சைட் முடிந்து திரும்பும்போது, தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு ரிசீவரைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தேன். அங்கே விற்பது 120 வோல்ட் பெட்டி. இங்கே 230 வோல்ட். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி அதன் வழியாக ஓட்டினேன். அது பத்து கிலோவுக்கு மேல் கனம், படத்தில் அமைதியான காட்சி வந்தால் அதன் ரீங்காரம் கேட்கும். சரி என்று பழகிக்கொண்டோம்.

எட்டாம் மாதம் ஹாலில் ஏதோ எலெக்ட்ரிகல் வேலை. வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ரிசீவர் ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டார். அவர் மேல் தவறில்லை, நான் ஒயரில் ஒரு சீட்டுகூட ஒட்டி வைக்கவில்லை. ஒரே நொடி. புகை வாசம். இங்கே அதற்கு வாரண்டியும் கிடையாது. சேமித்தது எவ்வளவோ அதைவிட அதிகம் போனது. இப்போது இங்கே பில்லோடு வாங்கியதுதான் ஓடுகிறது.

நான்கு வருட அனுபவம் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதாக வாங்கிய பெட்டிக்கு நான்கு வருடம் முடிந்தது. மூன்றாம் வருடம் ஒரு மே மாத மழையில், இடி விழுந்த அன்று, எச்டிஎம்ஐ போர்டு போனது. ஒலி வரும், படம் வராது. சர்வீஸ் சென்டரில் போர்டு வர ஒன்பது வாரம் ஆனது. பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள், கொடுத்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், இதே கதையை வேறு பெட்டிகள் வைத்திருக்கும் நண்பர்களும் சொன்னார்கள். பவர் லைனில் சர்ஜ் புரொடெக்டர் இருந்தது. அப்படியும் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஐடிஐ_ஓய்வு | ராமமூர்த்தி நகர்

அது பவர் லைன் வழியாக வந்திருக்காது. மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷின் கேபிள், இல்லாவிட்டால் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்திருக்கும் செம்பு ஒயர், அந்த வழியாகச் செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஒயரில் ஏறியிருக்கும். எச்டிஎம்ஐ சிப் 5 வோல்ட்டுக்கு உள்ளே வாழும் பிராணி. பெங்களூரில் ஏப்ரல், மே மாலை மழைக்கு முன் வானம் கறுத்தால் நான் செய்வது ஒன்றுதான்: பவர் பிளக்கையும் கழற்றுவேன், டிஷ் கேபிளையும் திருகி எடுப்பேன். இரண்டு நிமிட வேலை. நாற்பது வருடமாகச் செய்கிறேன்.

எர்த்தையும் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் மகள் குடியிருந்த வாடகை வீட்டில் 14 வோல்ட் காட்டியது. எர்த் குழியில் தண்ணீரே ஊற்றவில்லை, ஒயரும் அரித்திருந்தது. சர்ஜ் புரொடெக்டர் பெரும்பாலும் அதிகப்படி மின்சாரத்தை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் இல்லாத வீட்டில் அது பாதி வேலைதான் செய்யும்.

சப்பில் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் ஓர் இரைச்சல் வந்தால், முதலில் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அந்தக் கேபிள், சப் இல்லை. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

மூன்றாம்மாடி | முருகேஷ்பாளையா

இவ்வளவு விவரம் கடையில் யாரும் சொல்லவில்லை, நன்றி ஐயா. இரண்டாவது கை ரிசீவர் ஒன்று 30,000க்கு வருகிறது, 2020 கடைசியில் வாங்கியதாம். எடுக்கலாமா? அப்புறம், கீழ் வீட்டுக்காரருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கணபதிக்காரன் | பானஸ்வாடி

2020 கடைசியில் வந்த முதல் தலைமுறை 8கே ரிசீவர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ 2.1 சிப்பில் ஒரு பிழை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை ரிசீவர் வழியாக இணைத்தால் 4கே 120 ஹெர்ட்ஸில் படம் வராது. உங்களிடம் அந்த கேம் பெட்டி இல்லையென்றால் அது பிரச்சினையே இல்லை. இருந்தாலும் அதை நேராக டிவியில் சொருகி, ஒலியை மட்டும் இஏஆர்சி வழியாக எடுக்கலாம். டிவியில் இஏஆர்சிக்கு முந்தைய வகையான ஏஆர்சி மட்டும் இருந்தாலும் ஓடிடி அட்மாஸ் வரும், அது சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ். ப்ளூரேயில் இருக்கும், தரம் இழக்காத ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் இஏஆர்சி கட்டாயம். வாங்கும் முன் எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் ஒவ்வொன்றாகப் படம் வருகிறதா என்று பாருங்கள், அளவீட்டு மைக் கூட இருக்கிறதா என்றும் கேளுங்கள். மைக் இல்லாத ரிசீவரை எடுக்காதீர்கள்.

குழந்தை விஷயம். என் பக்கத்தில் சத்தப் புகார் அசோசியேஷன் வரை போய்விட்டது. ஒலி மாசு விதிகள் 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி “இதயம் படபடக்குதுப்பா” என்று வந்து நின்றபோது எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பேஸ் கான்கிரீட் தளத்தை அப்படியே தாண்டும், நடுத்தர ஒலி தாண்டாது. சப்புக்கு அடியில் தடித்த ரப்பர் போடுவது அலமாரி அதிர்வதைக் குறைக்கும், காற்றில் போகும் பேஸை நிறுத்தாது.

நான் செய்தது: ரிசீவரில் இரண்டு அமைப்பு சேமித்து வைத்தேன். பகலுக்கு ஒன்று. இரவு 9:30க்கு மேல் சப் 8 டெசிபல் குறைவு, நைட் மோட். குறைந்த வால்யூமில் பேஸைத் தானாகக் கூட்டும் ‘டைனமிக் ஈக்யூ’ போன்ற அம்சம் இரவில் கட்டாயம் அணைப்பு, அதுதான் நமக்குத் தெரியாமலே பக்கத்து வீட்டுக்குப் பேஸை அனுப்புவது. பாட்டியிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். கேட்டால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். ஏழு மாதத்தில் ஒருமுறைதான் கூப்பிட்டார், அதுவும் தீபாவளிப் பலகாரம் கொடுக்க.

உங்கள் கீழ் வீட்டில் வாங்குவதற்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். குழந்தை தூங்கும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குடந்தையான் | ஜெயநகர்

ஆப்பை வாங்கி 400ல் நிறுத்தி, அந்தப் பள்ளத்தையும் அணைத்துக் கேட்டேன். நேற்று இரவு இரண்டு மணி நேரம் வயலின் கச்சேரி. வலந்தலை திரும்பி வந்துவிட்டது. தொப்பி முன்பைவிடத் தெளிவாக, ஒவ்வொரு கும்கியும் (தொப்பியில் இழைந்து எழும் நாதம்) வளைவது தெரிகிறது. முழுக் கச்சேரியையும் திருத்தத்தோடு கேட்டது இதுதான் முதல் முறை. ஸ்டீரியோ ஆம்ப் பற்றிச் சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை, ஆனால் டைரக்ட் மோட் பொத்தானை ஒரு வாரம் தொடாமல் இருக்கப் போகிறேன்.

மூன்றாம்மாடிக்கு ஒரு வார்த்தை. எஸ்.பி. ரோட்டில் (எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) ஸ்பீக்கர் ஒயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். 30 அடி வரை 16 கேஜ் முழுச் செம்பு போதும், அதற்கு மேல் இன்னும் தடித்த 14 கேஜ். ஆயிரக்கணக்கில் சொல்லும் ஒயர்கள் எதுவும் வேண்டாம்.

ஐடிஐ_ஓய்வு | ராமமூர்த்தி நகர்

மைக் வைக்கும்போது கவனம் தம்பிகளே. மின்விசிறி, ஏசி, பிரிட்ஜ் அணைத்திருக்க வேண்டும். மைக்கைச் சோபா மெத்தையில் படுக்க வைக்காமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முதல் அளவு நீங்கள் உட்காரும் இடத்தில், மற்றவை அதைச் சுற்றி இரண்டு அடிக்குள். என் தெருவில் பகலெல்லாம் கிரானைட் வெட்டுகிறார்கள், அதனால் ஞாயிறு காலை 7 மணிக்கு அளந்தேன்.

அளந்து முடித்ததும் சப்பின் தூரம் உண்மையைவிட ஐந்தாறு அடி அதிகமாகக் காட்டும். தவறு என்று நினைத்து மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட் எடுக்கும் தாமதத்தை ரிசீவர் தூரமாக மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால் சப் லெவல் கழித்தல் 12 என்று காட்டினால் நம்ப வேண்டாம். ரிசீவரால் அதற்குக் கீழே இறங்க முடியாது. சப்பின் பின்னால் உள்ள குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

தென்காசிப்பெண் | பொம்மனஹள்ளி

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். சென்டரை விளிம்புக்குக் கொண்டு வந்து, சின்னவனின் அழிரப்பர் இரண்டை அடியில் வைத்துச் சாய்த்தேன். செட்டாப் பாக்ஸைப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றினேன். சென்டர் 3 டெசிபல், பிறகு 4. அப்பாவுக்கு ‘டால்பி சர்ரவுண்ட்’ மோடை ரிமோட்டில் ஒரே பொத்தானில் வரும்படி கணவர் சேமித்துக் கொடுத்தார், அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மதியம் நான் வீட்டிலிருந்தே மீட்டிங்கில் இருந்தேன். ஹாலில் அப்பா படத்தோடு சேர்ந்து வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். வால்யூம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தேன். 38. முன்பு 55 வைத்தும் கேட்கவில்லை என்றவர்.

ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். அந்த 4 டெசிபலைப் புதுப்படங்களுக்கும் அப்படியே விடலாமா, இல்லை குறைக்க வேண்டுமா?

ஐடிஐ_ஓய்வு | ராமமூர்த்தி நகர்

விடலாம் அம்மா. அப்பா ஊருக்குப் போகும் நாளில் வேண்டுமானால் 2க்கு இறக்குங்கள்.